புகையிலையும் மரியாதையும்

சிம்மக்கல் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். தென்னை நாரில் திரித்த, பெருவிரல் தடிப்புள்ள கயிறு. கடையின் மரச்சட்டத்தில் ஆணியடித்துக் கட்டியிருப்பார்கள். அதன் கீழ்நுனி காலைமுதல் இரவு கடையடைக்கும் வரை சுடரின்றிக் கனன்றுகொண்டே இருக்கும். பழக்கடைகளுக்கு மூட்டை சுமந்து வந்தவரும், வைகையைக் கடந்து யானைக்கல் வழியாக வந்த வண்டிக்காரரும், நூலகத்தில் நாளேடு படித்துவிட்டு வெளியேறிய வேலையில்லாப் பட்டதாரியும் அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, நுனியை ஊதி, பீடியையோ சிகரெட்டையோ பற்றவைத்துக்கொள்வர். தீப்பெட்டிச் செலவு இல்லை. யார் எவர் என்று கேட்காத கயிறு அது.

ஆனால், அக்கயிற்றைவிட நம் நினைவில் ஆழப் பதிந்திருப்பது வேறொரு காட்சி. பழைய சொக்கநாதர் கோயில் பக்கமிருந்து தெருப் பெரியவர் ஒருவர் நடந்து வருவார். கடை முன் நின்ற இளைஞனின் வலக்கை, அவனை அறியாமலே முதுகுக்குப் பின்னால் போகும். உதடுகள் இறுகும். தோளுக்குப் பின்னாலிருந்து நீலநிறப் புகை மெல்ல மேலெழும். பெரியவர் அதைக் காண்பார். அவர் காண்கிறார் என்பது இளைஞனுக்கும் தெரியும். "என்னப்பா, அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு அவர் நடப்பார். மரியாதை கிடைத்துவிட்ட நிறைவு அவருக்கு. செலுத்திவிட்ட நிம்மதி இவனுக்கு. அந்தப் பெரியவரின் மடியில் பொடிமட்டை இருக்கும் என்பது வேறு செய்தி.

புகையிலையைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு நோக்கியது என்ற வினாவுக்கு, நூறு ஏடுகள் தரும் விடையைக் காட்டிலும் முதுகுக்குப் பின்னால் சென்ற அந்தக் கை தெளிவான விடை தருகிறது என்பது நம் எண்ணம். நம் முன்னோர் புகையிலையைக் கண்டித்தவர் அல்லர். கண்ணில் பட்டதைத்தான் கண்டித்தனர். யார், யார் முன்னிலையில், எந்த வடிவில் அதனைக் கையாண்டார் என்பதே அவர்களுடைய வழக்கு. அந்த இலை உடலுக்கு என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் வழக்கிலேயே இல்லை. இந்த நோக்கு எங்கிருந்து வந்தது, என்ன விலை கேட்டது என்பதை இக்கட்டுரையில் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மதுரைக்கு வெற்றிலை பழையது, புகையிலை புதியது. சிலப்பதிகாரத்தில் ஆயர்பாடியில் மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகி சமைத்துப் படைக்க, கோவலன் தன் இறுதி உணவை உண்டு முடிக்கிறான். உண்டவனுக்கு அவள் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். மதுரை மண்ணில் நடந்த அந்தக் கடைசி விருந்தின் தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருக்கவும் முடியாது. அச்செடி அப்போது கடல்களுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்து மக்களின் சடங்குகளில் மட்டுமே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கப்பல்கள் அதனை நம் கரைகளுக்குக் கொணர்ந்தன. 1604ஆம் ஆண்டை ஒட்டி, பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்ற அதிகாரி அக்பரின் அவையில் புகையிலையையும் அணிமணி பதித்த குழலையும் காணிக்கையாக வைத்தார். அரசர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார், மருத்துவர் தடுத்தார். அதே 1604இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்சு மன்னர் புகையிலையைச் சாடித் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1617இல் சகாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார். மன்னர்களின் சினம் ஒருபுறம் இருக்க, செடி தன் வழியே வயல்களில் பரவிற்று. இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தது 1606இல். நற்செய்தியும் புகையிலையும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டாரின் கப்பல்களில் இங்கு வந்தன. எது வேகமாக வேரூன்றியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அது வேரூன்றிய விதத்தைச் சொல்லே காட்டுகிறது. கப்பலில் வந்த கொய்யாவும் அன்னாசியும் அயல்பெயரின் சாயலோடு இன்றும் நம்மிடையே வாழ்கின்றன. சாவியும் சன்னலும் அப்படியே. புகையிலைக்கோ தமிழன் தன் சொல்லையே சூட்டினான். மலையாளியும் கன்னடியரும் தெலுங்கரும் தத்தம் மொழியில் 'புகை தரும் இலை' என்ற பொருளிலேயே பெயரிட்டனர். பேச்சில் அது 'போயிலை' ஆயிற்று. தம் மொழியில் பெயர் பெற்ற பொருள் விரைவில் தம் ஊர்ப் பொருளாகிவிடும். இரண்டு தலைமுறைக்குள் அது அயலது என்பதையே மக்கள் மறந்திருப்பர். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிடுவோர் தவறாமல் குறிப்பிடும் சொற்களுள் நம் 'சுருட்டு' ஒன்று என்பதையும் இங்கே நினைக்கலாம். கடன் வாங்கிய செடிக்கு வட்டியாக ஒரு சொல்லைக் கொடுத்தோம்!

மறதி முற்றியபோது புராணம் பிறந்தது. சேது நாட்டைச் சேர்ந்த சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்றொரு சிற்றிலக்கியம் பாடினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதனை 1939இல் பதிப்பித்தார். மதுரைச் சொக்கநாதருக்குத் தமிழையே தூது விட்ட நூலும், அழகர்மலைப் பெருமாளுக்குக் கிளியைத் தூது விட்ட நூலும் நாம் அறிந்தவை. இப்புலவரோ பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறார். தூது செல்லும் பொருளின் பெருமையைக் கூறுவது அவ்விலக்கிய மரபு. ஆகவே அதற்கு ஒரு பிறப்புக் கதையும் அமைந்தது. மும்மூர்த்திகளும் ஒரு வழக்கின் பொருட்டுத் தேவர் அவைக்கு வருகின்றனர். தேவர்கள் சிவனுக்கு வில்வமும் திருமாலுக்குத் துளசியும் பிரமனுக்குப் புகையிலையும் கொடுத்து, மறுநாள் கொண்டுவருமாறு சொல்கின்றனர். வில்வத்தைக் கங்கை அடித்துச் சென்றது. துளசியைப் பாற்கடல் கொண்டது. பிரமனோ தன் நாவிலுள்ள கலைமகளிடம் கொடுத்து வைத்ததால் அவனுடைய இலை மட்டும் தப்பியது. மற்றவை போயின, இது போகையிலை, ஆதலால் புகையிலை! வழக்கிலும் பிரமன் வென்றான்.

இதனைப் புலவரின் விளையாட்டு என்று சிரித்து ஒதுக்கலாம். நமக்கு அதில் ஒரு சமூகச் சான்று தெரிகிறது. கப்பலில் வந்த ஓர் இலையை வில்வத்துக்கும் துளசிக்கும் மேலாக வைத்துப் பாடலாம், கேட்டவர் கோபிக்கமாட்டார், நகைத்து மகிழ்வர் என்ற நம்பிக்கை புலவருக்கு இருந்தது. சிந்தனைக்குத் துணையாகப் பொடி போடும் பண்டிதர்களும், தாம்பூலத்தில் புகையிலை சேர்க்கும் செல்வர்களுமே அவருடைய அவையினர். அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. பழக்கத்துக்குப் புனிதம் தேவைப்பட்டது. கலைமகளின் நாவில் இருந்த இலை என்றால், நாவில் அடக்குவதற்கு யார் தடை சொல்ல முடியும்? அந்த நாவுக்கும் கன்னத்துக்கும் பின்னாளில் நேர்ந்ததைப் பிறகு பார்ப்போம்.

வீரமாமுனிவரும் இதற்குச் சாட்சி கூறுகிறார். அவருடைய பரமார்த்த குரு கதையில் குருவும் சீடர்களும் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்க்கிறான். சுறீர் என்ற ஓசையோடு புகை கிளம்பியதும் அலறிக்கொண்டு ஓடிவருகிறான். அந்தக் கொள்ளிக்கட்டை எதற்காக அவர்களிடம் இருந்தது? சுருட்டுப் பற்றவைப்பதற்காக! கதையில் இதற்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில், வழிநடைக்காரன் கையில் சுருட்டும் கொள்ளியும் இருப்பது அத்தனை இயல்பாக இருந்திருக்கிறது. சிம்மக்கல் கயிற்றுக்கு அந்தக் கொள்ளிக்கட்டையே முப்பாட்டன் எனலாம்.

புலவர் அவையில் இலை கலைமகளிடம் சேர்ந்தது என்றால், ஊர் எல்லையில் அது காவல் தெய்வங்களிடம் சேர்ந்தது. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டுப் படைப்பது நம் அண்டை அயலார் அறிந்த வழக்கம். இரவெல்லாம் விழித்து ஊரைக் காப்பவனுக்கு உழைப்பாளி தன்னிடம் உள்ளதையே கொடுக்கிறான். வீட்டுத் திண்ணையில் தந்தை முன் சுருட்டை மறைக்கும் மகன், எல்லையில் நிற்கும் சாமியின் முன் அதைத் தானே கொளுத்தி வைக்கிறான். வீட்டுக்கு ஒரு முறை, எல்லைக்கு ஒரு முறை. இதில் அவனுக்கு முரண் தெரிவதில்லை.

முறை என்று சொன்னோம். அந்த முறையின் கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. வயதில் மூத்தவர் முன் புகைக்காதிருத்தல் என்பது அன்பின்பாற்பட்டதாகவும் இருக்கலாம். ஆனால், நம் ஊர்களில் நிலவுடைமைக்காரர் முன்னும் ஆதிக்கச் சாதியார் முன்னும் ஒடுக்கப்பட்டோர் செருப்பணியவும் தோளில் துண்டு போடவும் கூடாது என்ற கொடுமை இருந்ததே, அதே வரிசையில்தான் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்பதும் இருந்தது. துண்டு இடுப்புக்கு இறங்கியது. சுருட்டு முதுகுக்குப் பின்னால் போயிற்று. ஆண்டை வீட்டுச் சிறுவன் புகைத்தாலும் எழுபது வயது உழவர் மறைக்க வேண்டியிருந்தது. 'மரியாதை' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டையும் குறித்துவந்தோம்.

அதே இலை விருந்தோம்பலாகவும் இருந்தது என்பது வியப்பு. திருமண வீட்டு வரவேற்புத் தட்டில் சந்தனம், கற்கண்டோடு சிகரெட்டும் வைத்திருந்ததை முதியோர் இன்றும் சொல்வர். துக்க வீட்டில் இரவு விழிப்போருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடிக்கட்டு வைக்காவிட்டால் குறை சொல்வார்கள். வயல் வேலைக்கு வந்தவருக்குக் கூலிக்கு மேல் வெற்றிலை பாக்குக்கென்று சில்லறை கொடுப்பதும் உண்டு. பசியை அடக்க ஓர் அடக்குப் புகையிலை போதும் என்பது உழைப்பாளர் கண்ட பொருளாதாரம். முதலாளிக்கு அது சோற்றைவிட மலிவு.

மதுரையிலிருந்து வடக்கே திண்டுக்கல் வரை போனால் இந்த இலையின் வாணிகம் தெரியும். பூட்டும் புகையிலையும் அவ்வூரின் இரு கண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் அங்கே சுருட்டுத் தொழிற்கூடங்கள் நடத்தினர். சென்னையின் ஸ்பென்சர் நிறுவனத்தின் பெயரும் அதில் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழோ இலண்டன் வரை சென்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, துப்பறிவாளர் கொலையாளியின் சாம்பலைக் கண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று இனங்காண்கிறார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூரில் 1863 வரை அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்து கருவூலத்தை நிரப்பியது. விடுதலைக்குப் பின் 1948இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென ஆராய்ச்சி நிலையமே தோன்றியது. உவர்நீர் பாயும் கிணற்றுத் தோட்டத்தில் விளைந்து, வெயிலில் காய்ந்து, கருப்பட்டி நீர் தெளித்துப் பதப்பட்ட இலைக்கே மெல்லுவோரிடம் மதிப்பு. உழவருக்கு அது பணப்பயிர். புகையிலையைப் பற்றிப் பேசும்போது அவருடைய வாழ்வையும் நினைக்காமல் பேசுவது எளிது, நேர்மையாகாது.

விடுதலைப் போராட்டமும் இதில் ஒரு விந்தை செய்தது. காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் மேலாடையைத் துறந்தார். அந்நாள்களில் சீமைத் துணியோடு சீமைச் சிகரெட்டையும் துறந்த படித்தவர் பலர், சுதேசிப் பொருள் என்று பீடிக்கு மாறினர். கூலிக்காரரின் கையிலிருந்த பீடிக்குத் தேசிய மதிப்புக் கிடைத்தது. புகைப்பதையே அருவருத்தவர் காந்தியடிகள். சிறுவயதில் சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒளிந்து புகைத்ததைத் தன்வரலாற்றில் வெட்கத்தோடு எழுதியவர். அவர் பெயரால் வளர்ந்த தொழில்களுள் பீடியும் ஒன்றானது வரலாற்றின் குறும்பு.

திருச்சபை இதனை எப்படிக் கண்டது? அங்கும் பெரும்பாலும் இடமும் நேரமுமே வழக்கு. 1583இல் பெரு நாட்டின் லீமா நகரில் கூடிய சங்கம், திருப்பலிக்கு முன் குருக்கள் புகையிலையைத் தொடலாகாது என்றது. ஸ்பெயின் நாட்டுச் செவில் மறைமாவட்ட ஆலயங்களில் பொடி போடுவோரின் தும்மல் பொறுக்க முடியாமற்போகவே, 1642இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் ஆலயத்துள் புகையிலையைக் கையாள்வோருக்குத் திருச்சபை விலக்குத் தண்டனை விதித்தார். 1650இல் பத்தாம் இன்னொசென்ட் புனித பேதுரு பேராலயத்துக்கும் அவ்வாறே ஆணையிட்டார். 1725இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அதனைத் தளர்த்தினார். பொடி போடுவதற்காக மக்கள் வழிபாட்டின் நடுவே எழுந்து வெளியே போய்வந்ததே காரணம் என்பர். எழுந்து போவதைவிட உள்ளே இருந்து தும்முவது மேல் என்று அவர் கருதினார் போலும்! இவ்வாணைகள் அனைத்திலும் ஆலயத்தின் மாண்பு பேசப்பட்டது. இழுப்பவரின் நுரையீரலைப் பற்றி யாருக்கும் அன்று தெரியாது.

நற்கருணை நோன்பைப் பற்றியும் இப்படியொரு வினா எழுந்ததுண்டு. நள்ளிரவுமுதல் நீரும் அருந்தாத அந்தப் பழைய நோன்பைப் புகையிலை முறிக்குமா? உணவாக உட்செல்லாததால் முறிக்காது, ஆயினும் முறையன்று என்றே அறநெறி ஆசிரியர் பொதுவாகச் சொல்லிவந்தனர். 1953இலும் 1957இலும் பன்னிரண்டாம் பயஸ் நோன்பைத் தளர்த்தினார். 1964இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அதன்பின் இவ்வினாவே மறைந்தது.

நம் அப்பத்தா இந்த நூல்கள் எதையும் அறியாதவர். சுருக்குப்பையில் ஜெபமாலையும் வெற்றிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விடியற்காலைத் திருப்பலிக்குப் போகும் நாள்களில் மட்டும் வாய் வெறுமையாக இருக்கும். நற்கருணை வாங்கி, நன்றி மன்றாட்டு முடித்து, ஆலய வளாகத்தைத் தாண்டியதும் கை பைக்குள் போகும். தவக்காலம் வந்தால் சாம்பல் புதன்முதல் புகையிலை இல்லை. நாற்பது நாளும் தலைவலி, எரிச்சல், பேரப்பிள்ளைகளுக்கு ஏச்சு. உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் முதல் அடக்கு. "நாப்பது நாள் விட்டீங்கள்ல அப்பத்தா, அப்படியே விட்டுற வேண்டியதுதானே?" என்று கேட்டால், "அது ஆண்டவருக்குடா. மிச்ச நாளு எனக்கு" என்பார். வீடே சிரிக்கும். நாமும் சிரித்தோம்.

1970களின் நடுவில் அவருடைய இடக்கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. சுண்ணாம்பு சுட்டது என்றார். முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். கஞ்சியை மட்டும் குடித்தார். கேட்டால் பல்வலி என்றார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் சென்றபோது ஏழு மாதம் கடந்திருந்தது. சிம்மக்கல்லிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், நடந்தே போய்விடலாம். அந்தத் தொலைவை நாம் ஏழு மாதமாக நடக்கவில்லை. மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமாப் போயிலை?" என்று மட்டும் கேட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்று அப்பத்தா சொன்னது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில் இருந்தது. அதற்கு முன் ஒருபோதும் அவர் அதைக் குற்றமாக எண்ணியதில்லை, நாமும் எண்ணியதில்லை. வீட்டில் சிகரெட் பிடித்த சிற்றப்பாவைத்தான் எல்லோரும் கெட்டுப்போனவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் நாடறிந்த எச்சரிக்கை ஒன்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. அறிஞர் அண்ணாவுக்கு வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கமும் பொடி போடும் பழக்கமும் நெடுநாளாக இருந்தன. 1967இல் முதலமைச்சரான அவர், மறு ஆண்டே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க் சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அறுபது வயதுகூட நிறையவில்லை. அவர் வரலாற்றைச் சொல்வோர் பலர் அப்பழக்கத்தையே நோய்க்குக் காரணமாகக் காட்டுவர். சென்னைத் தெருக்கள் கொள்ளாத கூட்டம் அவரை வழியனுப்பியது. அழுத அத்தனை பேரில் எத்தனை பேர் அன்று மாலை வாயிலிருந்த அடக்கைத் துப்பியிருப்பர்? புகை வராத புகையிலை தீயது என்ற எண்ணமே நம்மிடம் உருவாகியிருக்கவில்லை.

அறிவியலும் முதலில் புகையைத்தான் பிடித்தது. 1950இல் பிரிட்டனில் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு காட்டினர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வைத்தது. அச்சட்டத்துக்குச் சிகரெட் மட்டுமே தெரிந்தது; பீடி அதன் எல்லைக்கு வெளியே நின்றது. படித்தவன் பெட்டிக்கு எச்சரிக்கை, ஏழையின் கட்டுக்கு ஒன்றுமில்லை! 2003ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமே எல்லாப் புகையிலைப் பொருள்களையும் ஒருசேரக் கட்டுக்குள் கொண்டுவந்தது. மெல்லும் புகையிலை புற்றுநோய் தருவது என்பதோடு, பாக்கு தனித்தே அவ்வாறு செய்யும் என்பதையும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதிபடச் சொன்னது. கண்ணகியின் கையிலிருந்த பாக்கையும் இப்போது ஐயத்தோடு பார்க்கும் நிலை நமக்கு.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லாமல் இதனை விட முடியாது. 'புகையிலை விரித்தால் போச்சு, பெண்பிள்ளை சிரித்தால் போச்சு' என்பது நம் பக்கத்துப் பழமொழி. சுருட்டிக் கட்டிய இலையை விரித்து வைத்தால் காரம் போகும். பெண் வாய்விட்டுச் சிரித்தால் மானம் போகும் என்பது கருத்து. இதைச் சொன்ன சமூகம், வயது முதிர்ந்த பெண் புகையிலை அடக்குவதைக் கேட்டதில்லை. கன்னத்துக்குள் இருப்பது யார் கண்ணிலும் படாதல்லவா? வயற்காட்டில் கிழவி சுருட்டுப் பிடித்தாலும் கண்டும் காணாமல் போயினர். இளம்பெண் புகைத்தால் மட்டும் உலகம் இடிந்தது.

அதே நேரத்தில் நாட்டின் பீடிகளைச் சுற்றியது பெண்களின் விரல்கள்தாம். திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டு வாசலில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்துக் காடுகளிலிருந்து வந்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடக்கும் பெண்களை வழிப்போக்கர் எவரும் காணலாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை கிழிந்தாலும் சுற்றுத் தளர்ந்தாலும் கழிவு என்று தள்ளப்படும். 1966இல் அவர்களுக்கெனச் சட்டமும், 1976இல் நலநிதியும் வந்தன. அத்தூளை நாள்தோறும் சுவாசிக்கும் அப்பெண்களில் பெரும்பாலோர் ஒரு பீடியையும் வாயில் வைத்தவர் அல்லர். வைத்தால் ஊர் பொறுக்காது. அவர்கள் பிள்ளைகளின் படிப்பும் மகள்களின் திருமணமும் அந்த ஆயிரக் கணக்கில் ஓடுகின்றன. புகைப்பதை நிறுத்துக என்று மேடையில் பேசிவிட்டு இறங்கும்போது, இவர்களுக்கு வேறென்ன வேலை தருவோம் என்ற கேள்வி படியருகில் காத்து நிற்கிறது.

இனிச் சட்டங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்ததும், 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டதும், 2008 அக்டோபர் 2முதல் விதிகள் இறுகியதும், 2009இல் பெட்டிகளில் நோய்ப்படம் வந்ததும் யாவரும் அறிந்தவை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையின் மிகைப் பயனையும் தன்னடக்கத்துக்கு எதிரானதாகக் குறித்தது. வத்திக்கானில் ஊழியர்க்குச் சலுகை விலையில் சிகரெட் விற்றுவந்ததைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018முதல் நிறுத்தினார். உடல்நலத்துக்கு ஊறு செய்யும் பொருளை விற்று வருவாய் பெறலாகாது என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. உர்பானின் தும்மலிலிருந்து பிரான்சிசின் கணக்கேடு வரை முந்நூற்று எழுபத்தைந்து ஆண்டுகள். இந்திய அளவில் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோவொரு வடிவில் புகையிலையைக் கையாண்டனர். அவர்களில் புகைப்போரைவிட மெல்லுவோரே மிகுதி.

சிம்மக்கல்லில் இப்போது அந்தக் கயிறு இல்லை. சில கடைகளில் நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விற்பனை இல்லை என்ற பலகையும் இருக்கிறது. 2013 மே மாதத்தில் தமிழக அரசு குட்கா, புகையிலை கலந்த பான்மசாலா ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. அத்தடை வழக்கு மன்றங்களின் படிகளைப் பலமுறை ஏறி இறங்கியது. அண்மையில் ஒரு மாலை, பொட்டணம் கேட்டு வந்த ஒருவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். தெரிந்த முகம்தானா என்று உறுதி செய்துகொண்டார். தெருவின் இருபுறமும் நோக்கினார். பிறகு அவருடைய கை, பலகைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போயிற்று.